மலை இறக்கமும் அரை லிட்டர் பிரேக் ஆயிலும்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களும் பைகளுமாகச் சேர்த்து 1,200 கிலோ வரும் ஒரு சின்னக் கார், அந்த மாதிரிப் பாதையில் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.18 கோடி ஜூல். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இது போதும். எஞ்சினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகத்தான் மாறும். சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் வரும் அதே காரை ஒருமுறை மிதித்து நிறுத்தினால் உண்டாகும் வெப்பம் இதில் நாற்பதில் ஒரு பங்குதான்.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் அழுத்தம் பெறுகிறது. மெல்லிய இரும்புக் குழாய்கள் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகின்றன. முன்சக்கரத்தில், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் நெரிக்கும். பின்சக்கரத்தில், பெரும்பாலான சின்னக் கார்களில், டிரம்முக்குள் ஷூ விரியும். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் ஏறக்குறைய 70 சதவீத வேலை முன் டிஸ்க்குகளின் தலையில்தான். திரவத்தை நெருக்கினாலும் சுருங்காது என்பதை நம்பியே இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் வகையே அல்ல. கிளைக்கால் ஈதர் கலந்த அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப் போல இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் மெல்ல ஏறும். புட்டியில் டாட் 4 (DOT 4) என்று தர எண் போட்டு வரும் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3க்கு இவை 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் 300 டிகிரியை எளிதில் தாண்டும். அந்தச் சூடு பேட், பிஸ்டன் வழியாக ஆயிலைத் தொடும். ஈரம் ஏறிய பழைய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகும். திரவம்போல் அல்லாமல் ஆவியை நெருக்கினால் சுருங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. அரை மணி நேரம் ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். கீழே மெக்கானிக்கிடம் காட்டினால் "ஒன்றுமில்லையே" என்பார். அதனால் பெடல் எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். கால் பஞ்சில் வைத்ததுபோல் உள்ளே போனால் கோளாறு ஆயிலில். பெடல் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிக்காமல் பொசுங்கிய வாடை அடித்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். அதற்கு ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதுதான் வைத்தியம். பெடல் கைவிட்டுவிட்டால் கியரைக் குறைத்து, பெடலை வேகமாக அடுத்தடுத்து மிதித்து, ஹேண்ட்பிரேக்கை அதன் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் அது கேபிளில் இயங்குவது. ஆயில் கொதித்ததெல்லாம் அதைப் பாதிக்காது.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி ஓட்டுநர் பாடம். காருக்கும் அதுவே; குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் உண்டு; அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம்: இரண்டு மூன்று மிதிக்குள் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரிலுள்ள வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

ஆகவே பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 40,000 கி.மீ.க்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். மொத்தமாக அரை லிட்டர் அளவுதான் உள்ளே இருக்கும். குழாய்களைக் கழுவிவிட ஒரு லிட்டர் வாங்கினால் போதும், சில நூறு ரூபாய். சீல் உடைக்காத புட்டியாக இருக்கட்டும். வேலைக்கு இருவர் வேண்டும். காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் முனையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய புட்டியில் முக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்து அப்படியே பிடிக்க, மற்றவர் முனையைக் கால் சுற்று திறந்து, பழுப்பு ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் கால் பெடலைவிட்டு வரலாம். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். குமிழ் இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இது தொடரும். இடையில் பிரேக் ஆயில் தொட்டியில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும். எஞ்சின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ தவறி ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் ஊதி, எல்லாவற்றையும் மாற்றும்படி ஆகும்.

தொட்டியில் அளவு மெல்லக் குறைவது பெரும்பாலும் கசிவால் அல்ல. பேட் தேயத் தேயப் பிஸ்டன் முன்னால் நகர்ந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதனால் குறைந்தவுடன் ஊற்றி நிரப்பாமல் முதலில் பேடைப் பாருங்கள். புதிய பேடின் தேயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது. அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிட்டால் நேரம் வந்துவிட்டது. வெளிப்பேடை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காலிப்பர் சறுக்கும் பின்கள் துருப்பிடித்து இறுகினால் உள்பேடு மட்டும் தேய்ந்து தகடாகிவிடும். அந்தச் சக்கரம் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடி மைலேஜையும் தின்னும். ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் கோளாறு. பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். புதுப் பேடு போட்டதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொள்ளுங்கள். இதை மறந்து முதல் மிதியிலேயே எதிர்ச் சுவரில் போய் இடித்த வண்டிகள் உண்டு.

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நிறுத்துவது சக்கரத்தைத்தான். வண்டியை நிறுத்துவது தார்ச்சாலையைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும் வழிகளில் இது முக்கியமானது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் உங்கள் அளவு, சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பி.எஸ்.ஐ. டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்சம். காலையில், வண்டி ஓடாதபோது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பெரிய தொகையல்ல. காற்றைப் பார்ப்பதன் நிஜமான லாபம் டயரின் ஆயுளில்தான். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

டயரில் தரையைத் தொடும் பட்டன் தேய்ந்திருக்கும் விதமே வண்டியின் ஜாதகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் தேய்ந்தால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட். உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பும்போது அரம்போலவும் இருந்தால் டோ அளவு (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது. பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். மேடும் பட்டனும் சமமானால் சட்டப்படியே அது மொட்டை டயர். மழைக்காலத்துக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் ஒதுங்க இடமின்றி டயர் நீரின்மேல் மிதக்கும். விமானச் சக்கரங்களுக்காக நாசா 1960களில் தந்த வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தால், 30 பி.எஸ்.ஐ.யில் மிதப்பு சுமார் 91 கி.மீ. வேகத்தில் தொடங்கும், 20இல் 74இலேயே. கார் டயருக்கு இது தோராயம்தான், ஆனால் காற்றுக் குறைந்தால் ஆபத்து முந்துகிறது என்பது தெளிவு.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே ரப்பர் கெட்டித்து வெடிப்பு விட்டிருக்கும், காற்றும் பாதி இறங்கியிருக்கும்.