குவாரன்டைன் தொட்டி: சொல் விளக்கம்

புதிதாக வாங்கிய மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்க்கும் சிறு தொட்டி இது. 'குவாரன்டைன்' வெனிஸ் நகரப் பேச்சிலிருந்து வந்த சொல். மூலப்பொருள் 'நாற்பது நாள்'. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1377இல் ரகூசா (இன்றைய டுப்ரோவ்னிக்) நகரம் வந்தவர்களை வெளியே நிறுத்தியது முப்பது நாள்தான். பின்னர் அது நாற்பதாக நீள, எண்ணே பெயராயிற்று. நமக்கும் இது தூரத்துக் கதையன்று: இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் பாக்கு நீரிணைக்கு அக்கரையில், மண்டபம் முகாமில் இப்படித்தான் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

2020இல் 'தனிமைப்படுத்தல்' எல்லோர் வாயிலும் புகுந்தது. நோயாளியைப் பிரித்து வைப்பதையும், நோய் தெரியாதவரை நிறுத்திப் பார்ப்பதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. குவாரன்டைன் என்பது இரண்டாவது மட்டுமே. 'ஒதுக்கி வைத்தல்' என்றால் ஊரில் வேறு கசப்பான பொருள் உண்டு. ஆகவே 'தொற்றுக்காப்புத் தொட்டி' என்பதே என் தெரிவு. நாற்பது நாள் என்ற கணக்கு மீனுக்குத் தேவையுமில்லை. பலர் நான்கு வாரத்தோடு நிறுத்துகிறார்கள்.

தொட்டி வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில்தான் சிக்கல். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பற்றீரியாக்களில் ஒரு கூட்டம் மீன்கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொன்று அதை நைத்திரேற்றாக்கும். மீன் இல்லையேல் இரண்டும் பட்டினி. ஒருமுறை இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும் உயிர்கள் இவை. பஞ்சு காய்ந்து அழிந்தபின் அவசரத்துக்கு வளர்க்க முடியாது.

பஞ்சு வடிகட்டியைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓடவிட்டு, புதுமீன் வரும் நாளில் தூக்கி மாற்றுவதே நல்ல வழி. அதில் படிந்த பழுப்பு வழுவழுப்பை அழுக்கென்று குழாய்நீரில் பிழிந்து கழுவுபவர்கள் உண்டு. குழாய்நீரில் குளோரின் இருந்தால் கதை முடிந்தது. நோய்மீனோடு இருந்த பஞ்சைக் கொதிநீரில் இட்டுக் காயவைக்காமல் பெரிய தொட்டிக்குத் திருப்பக்கூடாது. திருப்பினால் காப்பு எதற்கு? பெரிய தொட்டியில் இடமில்லாதவர்கள் வெறுந்தொட்டியிலேயே காற்றுப் பம்பியை ஓடவிட்டு, பற்றீரியாக்கள் பட்டினி கிடக்காதபடி அவ்வப்போது ஒரு சிட்டிகை மீன்தீனியை அழுக விடலாம்.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுண்ணக்கல்லில் ஊறிய நம் கிணற்று நீர் கடினமானது. பெரும்பாலும் சற்றே காரமானது. கார நீரில் அமோனியாவின் நஞ்சு கூடும். தோட்டப் பசளை இறங்கிய கிணறுகளில் நைத்திரேற்றும் முன்பே இருக்கும். சோதனைக் குழாயில் நைத்திரேற்று தெரிவதை வைத்து வடிகட்டி உயிரோடிருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது. மீன் விடுமுன் வெறுந்தொட்டியில் சிறிது அமோனியா சேர்த்து, மறுநாள் அமோனியா, நைத்திரைற்று இரண்டுமே பூச்சியத்துக்கு இறங்குகின்றனவா என்று பாருங்கள்.