களஞ்சிய மரம்: சொல் விளக்கம்

மரங்கொத்தி குளிர்காலத்துக்கு உணவு சேர்த்து வைக்கும் மரத்தை ஆங்கிலத்தில் 'கிரானரி ட்ரீ' என்பர். 'கிரானும்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தானியம் என்று பொருள். அதிலிருந்து தானியம் வைக்கும் இடத்துக்கு 'கிரானரி' என்ற பெயர் வந்தது. தமிழில் சிலர் 'சேமிப்பு மரம்' என்று எழுதுகிறார்கள். அது பொத்தாம்பொதுவான சொல். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் நெல் விளைவிக்கும் நமக்குக் களஞ்சியம் என்ற சொல் கைவசம் இருக்கும்போது 'களஞ்சிய மரம்' என்பதே பொருந்தும்.

இந்தப் பெயருக்கு முழு உரிமை உள்ள பறவை, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொலம்பியா வரை வாழும் ஓக்கொட்டை மரங்கொத்தி. அறிவியற்பெயர் மெலனெர்பெஸ் ஃபார்மிசிவோரஸ். இரண்டாம் பகுதிக்கு 'எறும்பு தின்னி' என்று பொருள், அதுவும் சரியே. பூச்சி கிடைக்கும்வரை பூச்சிதான் முதல் உணவு. அது குறையும் காலத்துக்கே ஓக்கொட்டை.

கூட்டமாக வாழும் இப்பறவைகள் பட்ட மரத்திலோ தடித்த பட்டையிலோ துளையிடும். துளை உயிருள்ள திசுவை எட்டாததால் மரம் பொதுவாகக் கெடுவதில்லை. ஒரு துளைக்கு ஒரு கொட்டை. பழைய துளைகளையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திப் புதியவற்றையும் சேர்ப்பதால், சில மரங்களில் 50,000 துளை வரை காணலாம். கொட்டையின் அளவுக்கு ஏற்ற துளையைத் தேடி இறுக்கமாக அடித்துச் செருக வேண்டும். தளர்வாக இருந்தால் அணிலும் பிற பறவைகளும் உருவிக்கொண்டு போய்விடும். இறுகச் செருகிய கொட்டையும் அப்படியே நிலைக்காது. கொட்டை காய்ந்து சுருங்கும். அப்போது அதை எடுத்துச் சிறிய துளைக்கு மாற்றும். இந்தக் கண்காணிப்புத்தான் களஞ்சியத்தின் உயிர். மரப்பலகை வீட்டுச் சுவரில் துளையிட்டால் கொட்டை உட்பொந்தில் விழுந்துவிடும், பறவைக்கு மீண்டும் எட்டாது. ஓக் காய்க்காத ஆண்டில் கூட்டமே இடத்தை விட்டுப் போவதும் உண்டு.

வட அமெரிக்காவின் செந்தலை மரங்கொத்தி செய்வது வேறு. கொட்டையையும் பூச்சியையும் இடுக்கில் திணித்து, சில வேளை மரச்சிராயாலும் பட்டைத் துண்டாலும் மூடி மறைக்கும். ஆங்கிலத்தில் இதைக் 'காஷ்' என்பர். 'ஒளித்து வை' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். தமிழில் பதுங்கு என்பதன் பிறவினை பதுக்கு. ஆகவே இது 'பதுக்கல்'. அரிசிப் பதுக்கல் என்ற செய்திகளால் அச்சொல்லில் குற்றச்சாயல் ஏறியிருக்கிறது. அதற்காக இத்தனை துல்லியமான சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. திறந்த துளையில் வைத்துக் காவல் காப்பது களஞ்சியம், மூடி மறைப்பது பதுக்கல்.

திருகோணமலைப் பக்கத்து மரங்கொத்திகளுக்கு இவ்விரண்டு சொல்லும் தேவைப்படாது. எறும்பும் கறையானும் இங்கே ஆண்டு முழுதும் கிடைக்கின்றன. தென்னையிலோ பட்ட மரத்திலோ பறவை நுழையும் அளவுக்கு வட்டத் துளை இருந்தால் அது கூட்டுப் பொந்து. ஒழுங்கற்ற சிறு கொத்தல்கள் இரை தேடிய தடம். இவற்றைக் களஞ்சிய மரம் என்று எழுதுவது பிழை.