"ஸ்டேஷன் நம்பர்தானே சார் வந்துச்சு?"

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். கையில் இருந்த தாளில் டெல்லிக் காவல் நிலையம் ஒன்றின் எண்ணை எழுதி வைத்திருந்தார். "இதுலேர்ந்துதான் கூப்பிட்டாங்க. கூகுள்ல போட்டுப் பார்த்தேன், ஸ்டேஷன் நம்பர்தானே சார் வந்துச்சு? அதான் நம்பிட்டேன்" என்றார். அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டதாக மிரட்டி, வீடியோ அழைப்பில் ஒன்றரை நாள் உட்கார வைத்து, 4 லட்சம் ரூபாயை அனுப்ப வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா அசட்டையாக இருந்தவர் இல்லை. சரிபார்த்துத்தான் நம்பியிருக்கிறார். எதை வைத்துச் சரிபார்த்தார் என்பதில்தான் ஏமாந்துவிட்டார்.

தொலைபேசி வேலையில் எனக்கு 26 வருடம். இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர் வந்து கேட்கப் போகிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால் ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் திரையில் தெரியும் எண், அழைப்பவர் தரப்பு எழுதி அனுப்புவது. தபால் உறையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அப்படித்தான். யார் முகவரியை எழுதினாலும் தபால்காரர் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்துவிடுவார். ஒரு பெரிய மருத்துவமனையில் 200 இணைப்புகள் இருக்கும். எந்த மேஜையிலிருந்து கூப்பிட்டாலும் உங்களுக்கு வரவேற்பறை எண்தான் தெரியும். அப்படித் தெரியும்படி எத்தனையோ இடங்களில் நானே அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் தப்பு எதுவும் இல்லை, அந்த எண் அவர்களுடையது. திருடன் அதே இடத்தில் அடுத்தவர் எண்ணை எழுதுகிறான், அவ்வளவுதான். நீங்கள் கூகுளில் தேடினால் காவல் நிலையம் என்றுதான் வரும். எண் உண்மை. அங்கிருந்து அழைப்பு வந்தது என்பதுதான் பொய்.

வெளிநாட்டிலிருந்து நம் ஊர் எண்ணைக் காட்டிக்கொண்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாடு கொண்டு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. "அப்போ இனிமே பயமில்லையே?" என்று கேட்கிறார்கள். பயம் உண்டு. சிம் பாக்ஸ் என்று ஒரு பெட்டி. நூற்றுக்கணக்கான சிம்களை அதில் சொருகி, இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுகிறார்கள். ஒரு வாடகை வீடு போதும் இதற்கு.

இதில் இன்னொரு பாவப்பட்ட ஆள், திருடன் காட்டும் எண்ணின் உண்மையான சொந்தக்காரர். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள் என்று ஒரு மளிகைக்கடைக்காரர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். திட்டுவதற்காக அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்த வகைக்காரர்கள் பேசவே மாட்டார்கள். ஒரு ரிங், உடனே கட். ஜப்பானில் இதற்கு 'வான்கிரி' என்றே பெயர். நம் ஊரில் 'பஸ் ஏறிட்டேன்' என்பதற்கும் மிஸ்டு கால்தான், 'கூப்பிடு' என்பதற்கும் மிஸ்டு கால்தான். பழக்கத்தில் உடனே திருப்பி அடித்துவிடுகிறோம். மகன் குவைத்தில், மருமகன் மஸ்கட்டில் என்று இருக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த மிஸ்டு கால் வந்தது, எங்கோ ஒரு நாட்டில் அதிகக் கட்டணத்துக்கென்றே திருடன் வாங்கிய எண்ணாக இருக்கும். நம்மிடம் நிமிடக் கணக்கில் பிடிக்கும் காசில் ஒரு பங்கு அவனுக்குப் போகிறது. எதிர்முனையில் பாட்டு ஓடும், 'காத்திருங்கள்' என்று ஒரு குரல் வரும், சில சமயம் ரிங் போகிற சத்தமே பதிவு செய்ததாக இருக்கும். யாரும் எடுக்கவில்லை என்று நீங்கள் காத்திருப்பீர்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

குவைத் 965, ஓமன் 968, அமீரகம் 971, சிங்கப்பூர் 65. உங்கள் பிள்ளை இருக்கும் நாட்டின் குறியீட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். +232 என்று வந்தால் அது சியரா லியோன், +216 என்றால் துனீசியா. அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்குக் கூப்பிடும் வழக்கமே இல்லை என்றால் கஸ்டமர் கேரில் சொல்லி ஐஎஸ்டியை நிறுத்திவிடுங்கள்.

போலீஸ், வங்கி, கூரியர், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) என்று யார் பெயரைச் சொன்னாலும் போனை வையுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். வங்கி எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்பக்கம் பார்த்து நீங்களே அழுத்திக் கூப்பிடுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணில் கூப்பிடவே கூடாது. '9-ஐ அழுத்துங்கள்' என்றால் அழுத்தாதீர்கள். *401* என்று தொடங்கி எதையாவது டயல் செய்யச் சொன்னால், உங்கள் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறான் என்று அர்த்தம். வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டோம் என்று மிரட்டுவார்கள்; அப்படி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது.

பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் வங்கி. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. அந்த ஆசிரியை இரண்டு நாள் கழித்துத்தான் 1930-ஐக் கூப்பிட்டிருக்கிறார். ஏனம்மா என்று கேட்டேன். "பையன் திட்டுவான்னு பயந்துட்டேன் சார்" என்றார்.

பிள்ளைகளே, இன்றைக்கே அம்மா அப்பாவின் போனில் 1930-ஐப் பெயரோடு பதிந்து வையுங்கள். 'எவ்வளவு போனாலும் திட்ட மாட்டேன், முதலில் என்னிடம் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.