இருபது கோப்ளின் வந்தால் இருபது முறை பகடை உருட்டாதீர்கள்

“அக்கா, என் டர்ன் வந்தா ஒரு குரல் குடுங்க. குக்கர் வச்சுட்டு வந்துடறேன்.”

ஹெட்செட்டில் இது கேட்டபோது நான் 16 ஜாம்பிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டி20, அதாவது 20 பக்கப் பகடை; அடி விழுந்தால் இன்னொரு பகடை, அப்புறம் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று நோட்டில் ஒரு கிறுக்கல். போனவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். முதல் விசில் வந்தபோது ஆறாவது ஜாம்பி. மூன்றாவது விசிலில் பதினொன்றாவது. திரும்பி வந்து உட்கார்ந்து, “இன்னும் அவங்கதானா?” என்றார். குரலில் கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரின் பொறுமைதான் இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் பகடை விளையாட்டை டிஎம்மாக, அதாவது கதையையும் எதிரிகளையும் கையில் வைத்திருப்பவராக, நடத்துவது என் தொழில். வாரத்துக்கு நான்கு மேசை. இரண்டு ஆன்லைனில், இரண்டு நேரில். புதிதாக டிஎம் ஆகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது டிராகனைப் பற்றித்தான். டிராகன் ஒன்றே ஒன்று, சமாளித்துவிடலாம். ஆட்டத்தைக் கெடுப்பது கும்பல்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஜாம்பிக்கு அரை நிமிடம் என்றால் 16 ஜாம்பிக்கு 8 நிமிடம். நான்கு வீரர்கள், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் இன்னொரு 8. கதைக்குள் வெறும் 6 விநாடியாக இருக்கிற ஒரு ரவுண்டு மேசையில் 16 நிமிடம் ஓடுகிறது. அதில் ஒருவர் கையில் ஆட்டம் இருப்பது 2 நிமிடம். மீதி நேரம் அவர் நான் பகடை உருட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். ஜாம்பியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: ஹெச்பி என்கிற உயிர்ப் புள்ளிகள் தீர்ந்து விழும்போதுகூட அதற்கு ஒரு சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க ஒரு பகடை வாய்ப்பு, இருக்கிறது, தப்பித்தால் 1 ஹெச்பியோடு நின்றுகொண்டே இருக்கும். செத்த பிறகும் பகடை கேட்கிற எதிரியில் 16 பேரைக் கொண்டுவந்து நிறுத்தியது என் புத்திசாலித்தனம்.

நேரம் போவது ஒரு பக்கம். உயிர் போவது இன்னொரு பக்கம், புதியவர்கள் அதை இன்னும் குறைவாகவே கவனிக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் கல்லூரி மாணவர்கள் நான்கு பேருக்கு ஒரு முதல் ஆட்டம் நடத்தினேன். எல்லோரும் முதல் லெவல். காட்டு வழியில் சும்மா ஒரு பயம் காட்டலாம் என்று 8 ஓநாய்களை இறக்கினேன். ஓநாய்தானே! ஆனால் பக்கத்தில் கூட்டாளி ஓநாய் நின்றால் அது இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். ஒரு கடிக்குச் சராசரி 7. மந்திரவாதியின் மொத்த ஹெச்பியே 8. கடித்ததோடு ஆளைக் கீழே தள்ளவும் பார்க்கும். இரண்டாவது ரவுண்டில் இருவர் தரையில், நான்காவதில் நால்வரும். ஒரு பையன் தன் கதாபாத்திரத்தின் குடும்பக் கதையை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

எண்ணிக்கை நேர்விகிதத்தில் கொல்வதில்லை. இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1916-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்: எல்லோரும் எல்லோரையும் தாக்க முடிகிற சண்டையில் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆள் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. 2014-இல் வந்த டிஎம் கையேட்டில் இதற்கு ஒரு பெருக்கல் இருந்தது. 3 முதல் 6 எதிரிகள் என்றால் அவர்களின் மொத்த எக்ஸ்பியை, அதாவது வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை, இரண்டால் பெருக்கச் சொல்லும். முதல் லெவல் நால்வருக்கு எதிரே 6 கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நின்றால் 300 எக்ஸ்பி 600 ஆகும். உயிருக்கு ஆபத்து என்ற கோடு 400-இலேயே தொடங்கிவிடும். 2024 பதிப்பில் பெருக்கல் போய்விட்டது. அதே நால்வருக்கு 300 எக்ஸ்பி என்பது இப்போது நடுத்தரச் சண்டை. புதிய புத்தகம் மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு லெவல்களுக்கு நான் இன்னும் பழைய பெருக்கலைத்தான் போடுகிறேன்.

சரி, கும்பலே வேண்டாமா? வேண்டும். ஒரு பாலத்தை நாலு பேர் தடுத்து நிற்க, எதிரே சாரை சாரையாக வருகிற காட்சிக்கு ஈடே கிடையாது. ஆனால் கும்பலைக் கும்பலாக நடத்த வேண்டும். இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே அது இருக்கிறது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற போர் விளையாட்டில், பெரிய சண்டைகளில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு பொம்மை ஒரே ஆள், அவனுக்கு ஒரு பெயர், ஒரு ஆசை. அந்த விதிகள் எல்லாம் பெயருள்ள ஆளுக்காக எழுதப்பட்டவை. பெயரில்லாத இருபது பேருக்கும் அதையே போட்டால் மேசை திணறத்தானே செய்யும்?

அதனால் அடிக்கு நான் பகடை உருட்டுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். 2014 கையேட்டிலேயே கும்பலுக்கு ஓர் அட்டவணை உண்டு, பலர் கண்ணில் படுவதில்லை. அடி விழ டி20-இல் எத்தனை வேண்டும் என்று பாருங்கள். 5 வரை போதும் என்றால் ஒவ்வொருவர் அடியும் விழும். 6 முதல் 12 என்றால் இருவருக்கு ஒரு அடி. 13, 14 என்றால் மூவருக்கு ஒன்று. 15, 16 என்றால் நால்வருக்கு ஒன்று. உதாரணமாக, ஏசி, அதாவது அடி விழ எட்ட வேண்டிய எண், 16 உள்ள வீரரை 8 கோப்ளின் சூழ்ந்தால் அவற்றின் தாக்குதலோடு கூடும் +4 போக 12 தேவை. ஆக 4 அடி, ஒவ்வொன்றும் 5, மொத்தம் 20. வாயால் சொல்லி முடித்துவிடலாம். நிஜமாக உருட்டினாலும் சராசரி இதை ஒட்டியே வரும்.

பகடைச் சத்தமே இல்லாவிட்டால் பயமும் இருக்காது என்று ஒரு பழைய வீரர் குறைப்பட்டார். நியாயம்தான். கூட்டத்துக்குச் சார்பாக ஒரே ஒரு டி20-ஐ எல்லோர் முன்னும் உருட்டுகிறேன். 20 விழுந்தால் ஓர் அடி கூடுதல், 1 விழுந்தால் ஓர் அடி குறைவு. இது புத்தகத்தில் இல்லை, என் கைவைத்தியம்.

ஹெச்பிக்கு என் வழி புளியங்கொட்டை, எதிரிக்கு ஒன்று. மினியேச்சர் பொம்மைகள் வாங்கிக் கட்டுப்படியாகாத காலத்தில் ஆரம்பித்த பழக்கம், இப்போது விட மனசில்லை. தாயம் விளையாட உரசுவதுபோல ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருக்கிறேன். பழுப்பு மேலே இருந்தால் முழு உடம்பு. வெள்ளை மேலே இருந்தால் அடிபட்டவன். இன்னொரு அடி பட்டால் டப்பாவுக்குள். எண்ணே எழுதுவதில்லை. 7 ஹெச்பி கோப்ளின் மீது ஒரே அடியில் 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நேரே டப்பா.

நான்காம் பதிப்பு 2008-இல் மினியன் என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. 1 ஹெச்பிதான், தொட்டால் சாவான். எனக்குப் பிடிக்கும். ஆனால் 19 அடி அடித்தவரும் ஒருவனைத்தான் வீழ்த்துகிறார், 3 அடி அடித்தவரும் ஒருவனைத்தான். 13த் ஏஜ் என்ற இன்னொரு ஆட்டத்தில் மிஞ்சிய அடி பக்கத்தில் நிற்கிறவன் மேல் வழியும். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 7 ஹெச்பி கோப்ளின்கள் மேல் 19 என்றால் இரண்டு கொட்டை டப்பாவுக்கு, மூன்றாவது வெள்ளைக்குத் திரும்பும். கோடரிக்காரருக்கு அந்த ஒரு வீச்சு போதும், வாரம் முழுக்கப் பேசுவார்.

ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் விழும்போதும் அவசரப்பட்டு இருபது சேவிங் த்ரோ உருட்டாதீர்கள். 8டி6, அதாவது எட்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 28. தப்பித்தவனுக்குப் பாதி. 7 ஹெச்பிக்காரன் பாதி வாங்கியும் பிழைக்க வேண்டுமானால் எட்டுப் பகடையின் கூட்டுத்தொகை 13-ஐத் தாண்டக் கூடாது. ஆயிரத்தில் ஒரு முறைகூட அது நடக்காது. வட்டத்துக்குள் இருக்கிற கொட்டைகளை ஒரே கையால் வழித்து எடுங்கள். ஐந்தாவது லெவல்வரை காத்திருந்து அந்த மந்திரத்தை வாங்கியவர் இதற்காகத்தான் வாங்கினார். எதிரிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி அந்த சந்தோஷத்தைக் கெடுக்கிற டிஎம்களும் இருக்கிறார்கள்.

தலைவன், சூனியக்காரி மாதிரி பெயருள்ள எதிரிகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு முழு விதி, தனி இனிஷியேட்டிவ், அதாவது யார் முறை எப்போது என்ற வரிசையில் தனி இடம். கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே இனிஷியேட்டிவ். கூட்டம் நாலைந்தாகக் குறைந்ததும் அவர்களும் தனித்தனி ஆட்களாகிவிடுவார்கள், பகடை திரும்பக் கைக்கு வரும்.

ஆனால் அதுவரைகூடப் போக வேண்டியதில்லை. கடைசி ஆள் சாகும்வரை சண்டை என்று எந்த கோப்ளின் சபதம் எடுத்தான்? 1981-இல் வந்த பேசிக் விதிகளில் ஒவ்வொரு எதிரிக்கும் மன உறுதிக்கு ஓர் எண் உண்டு. கோப்ளினுக்கு 7. கூட்டத்தில் முதல் சாவு விழும்போது ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு முறை இரண்டு டி6 உருட்ட வேண்டும். 7-க்கு மேல் போனால் ஓட்டம், இல்லை சரணாகதி. நான் மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொண்டேன்: தலைவன் விழும்போது.

போன மாதம் அப்படி ஒரு பாலத்துச் சண்டையை நடத்தினேன். மூன்றாம் லெவல் நால்வர், எதிரே 18 கோப்ளினும் ஒரு தலைவனும். பாலம் குறுகல், ஒரே சமயத்தில் முன்னால் நிற்க மூவருக்குத்தான் இடம்; எண்ணிக்கையின் பல்லைப் பிடுங்க இடத்தைவிட நல்ல ஆயுதம் இல்லை. 40 நிமிடம் போனது. தலைவன் ஆற்றில் விழுந்தான், இரண்டு டி6-இல் 9 வந்தது, மிச்சமிருந்த 7 பேரும் காட்டுப் பக்கம் ஓடினார்கள். குக்கர் வைக்கப் போன அதே வீரர் இந்த முறை எழுந்திருக்கவே இல்லை. நான் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“அக்கா, ஓடின ஏழு பேரும் யார்கிட்டப் போய்ச் சொல்லுவாங்க?”