ஷிமா: ஹிரோஷிமாவின் பெயருக்குள் இருக்கும் தீவு

ஹிரோஷிமா என்றால் 'அகன்ற தீவு' என்று பொருள். பொது அறிவுப் புத்தகங்களில் ஒற்றை வரியாக இதைப் படித்திருப்பீர்கள். வரைபடத்தை விரித்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானின் மிகப் பெரிய நிலப்பரப்பான ஹொன்ஷுவின் மேற்குப் பகுதியில், கரையோடு கரையாக ஒட்டிக் கிடக்கிறது அந்த ஊர். ஒசாகாவில் புல்லட் ரயில் ஏறினால் கடலைத் தாண்டாமலே போய் இறங்கலாம். அப்படியானால் பெயரில் இருக்கிற தீவு எங்கே போயிற்று?

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். 'ஹிரோய்' என்றால் அகன்ற, பரந்த. அதன் வேர்தான் 'ஹிரோ'. 'ஷிமா' என்றால் தீவு. இரண்டையும் சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் எழுதுகிறார்கள். ஷிமாவுக்குரிய எழுத்தில் மேலே பறவை, கீழே மலை. கடலைக் கடக்கும் பறவை இளைப்பாற வந்து உட்காரும் மலை என்று அதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். அழகான விளக்கம்தான். ஆனால் இது எழுத்தின் கதை. சொல்லின் கதை வேறு.

'ஷிமா' என்ற ஒலி சீனத்திலிருந்து வந்ததன்று. அதற்கு உறவு தேடினால் கொரியாவில் கிடைக்கிறது. கொரிய மொழியில் தீவுக்கு 'சொம்' என்று பெயர். கொரியத் தீபகற்பத்தின் பழைய நாடுகளில் ஒன்றான பெக்ஜேயை 501 முதல் 523 வரை ஆண்ட மூரியொங் மன்னன் ஒரு தீவில் பிறந்ததால் 'ஷிமா' என்று பெயர் பெற்றான் என்கிறது ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி. 1971-இல் அவனுடைய கல்லறையைத் திறந்தபோது உள்ளே இருந்த கல்வெட்டும் அவனை 'சமா' மன்னன் என்றே குறிப்பிட்டது. நூலும் கல்லும் இப்படி ஒத்துப்போவது சொல்லாய்வில் அடிக்கடி நடப்பதில்லை.

அந்த எழுத்தை ஜப்பானியர் இரண்டு விதமாக வாசிப்பார்கள். தங்கள் சொல்லாக வாசித்தால் 'ஷிமா', சீன ஒலியை ஒட்டி வாசித்தால் 'தோ'. இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற 'இவோ ஜிமா'வுக்கு 2007-இல் ஜப்பான் அரசு 'இயோ தோ' என்ற பழைய பெயரையே திரும்பக் கொடுத்தது. எழுத்து மாறவில்லை, வாசிப்பு மட்டும் மாறியது. 'ஷிமா' சில பெயர்களில் 'ஜிமா' ஆவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சொற்கள் சேரும்போது இரண்டாவது சொல்லின் முதல் ஒலி மெலியும். அவர்களுடைய புணர்ச்சி அது. மியாஜிமா, நாகாஜிமா என்பதெல்லாம் அப்படி வந்தவை. ஆனால் ஹிரோஷிமா, ககோஷிமா, ஃபுகுஷிமாவில் மெலியவில்லை. காரணம் கேட்டால் வழக்கு என்பார்கள். நம் புணர்ச்சி விதிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது.

ஷிமா கடலோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஒக்கினாவாவில் ஒருவர் 'என் ஷிமா' என்றால் தம் சொந்த ஊரைச் சொல்கிறார் என்று அர்த்தம். ரவுடிக் கும்பல்களின் பேச்சில் அது 'எங்கள் ஏரியா'. அலுவலகத்தில் நாலைந்து மேசைகளை ஒட்டிப்போட்ட தொகுப்பும் ஷிமாதான். ஏழாம் நூற்றாண்டில் சோகா நோ உமாகோ என்ற அமைச்சர் தம் வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டி நடுவில் சிறு தீவு அமைத்தார்; ஊர் அவரைத் 'தீவு அமைச்சர்' என்றே கூப்பிட்டது. முகம் கொடுத்துப் பேசாதவரிடம் மாட்டிக்கொண்டால் 'பற்றிக்கொள்ள ஒரு ஷிமாகூட இல்லை' என்பார்கள். நடுக்கடலில் தத்தளிக்கிறவனின் நிலை. ஆக ஷிமாவின் உள்ளே இருக்கும் கருத்து கடல் அல்ல. சுற்றியுள்ளதிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் இடம். ஹிரோஷிமாவுக்கு வரும்போது இது உதவும்.

அதற்குமுன் ஒரு சின்ன விலகல். கோடு போட்ட துணிக்கும் ஜப்பானில் 'ஷிமா' என்றுதான் பெயர். எழுத்து வேறு, ஒலி ஒன்று. தென்திசைத் தீவுகள் வழியாகக் கப்பலில் வந்த சரக்கைத் 'தீவுச் சரக்கு' என்றார்கள், அதில் கோடு போட்ட துணி பிரபலமானதால் பெயர் கோட்டுக்கே ஒட்டிக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தத் துணிகளில் ஒன்றின் பெயர் 'சாந்தோமே ஜிமா'. வேறெந்த ஊரும் இல்லை, நம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான். போர்ச்சுகீசியர் வைத்த பெயரோடு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி ஜப்பான் போய்ச் சேர்ந்தது. பின்னர் அதைப் பார்த்து அவர்களே நெய்யவும் தொடங்கினார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது நினைத்துக்கொள்ள நல்ல செய்தி.

சரி, ஊருக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட மோரி தெருமோட்டோவின் கோட்டை உள்நாட்டு மலைமேல் இருந்தது. போருக்கு மலை நல்லது, வணிகத்துக்கு நல்லதல்ல. அவர் கியோட்டோ, ஒசாகா பக்கம் போய்வந்தவர். நீர்வழியை ஒட்டிய கோட்டை நகரங்கள் எப்படிச் செழிக்கின்றன என்று பார்த்திருந்தார். 1589-இல் ஓட்டா ஆற்றின் கழிமுகத்தில் புதுக்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். அதுவரை அந்த இடத்துக்கு 'ஐந்து ஊர்' என்று பொருள்படும் பெயர்தான். ஆற்று மணல் திட்டுகளில் ஆங்காங்கே இருந்த குடியிருப்புகள். 'ஹிரோஷிமா' என்ற பெயர் அந்தக் கோட்டையோடு பிறந்தது.

பெயர்க் காரணத்தில் இரண்டு கட்சி உண்டு. திட்டுகளில் அகலமானதைத் தேர்ந்து கோட்டை கட்டியதால் அகன்ற தீவு என்பது ஒன்று. மோரி குலத்தின் முன்னோரான ஓஏ நோ ஹிரோமோட்டோவின் பெயரிலிருந்து 'ஹிரோ'வையும், இடம் பார்க்க வழிகாட்டிய ஃபுகுஷிமா மோட்டோனாகாவின் பெயரிலிருந்து 'ஷிமா'வையும் எடுத்து ஒட்டினார்கள் என்பது மற்றொன்று. முன்னோரையும் உள்ளூர்க்காரரையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்துவது அரசியலில் நடக்கக்கூடியதுதான். இருந்தாலும் நிலமே அகன்ற திட்டாகக் கிடக்கும்போது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு நிலமும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. மோரிகளால் அங்கே நீடிக்க முடியவில்லை. 1600-இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் நின்றதால் இடம் பறிபோயிற்று.

ஓட்டா ஆறு மலையில் பிறந்து 103 கிலோமீட்டர் ஓடி, செட்டோ உள்நாட்டுக் கடலின் ஹிரோஷிமா விரிகுடாவில் விழுகிறது. சுற்றியுள்ள மலைகளில் கருங்கல் மக்கி மணலாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த மணலை ஆறு வாரிக்கொண்டு வந்து கொட்டிய இடம்தான் நகரம். ஆறு விரல் விரித்தாற்போலப் பிரிகிறது. ஒவ்வொரு இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு திட்டு. ஒரு காலத்தில் ஏழு கிளைகள். வெள்ளத்தைத் தடுக்க மேற்கே அகலமான வடிகால் வெட்டி, இரண்டு கிளைகளை அதற்குள் அடக்கியதால் இப்போது ஆறு கிளைகள். தென்மா, ஹோன்காவா, மோட்டோயாசு, கியோபாஷி, என்கோ ஆகிய ஐந்தும், அந்த வடிகாலும்.

ஆறு போட்ட மண்ணோடு மனிதர் போட்ட மண்ணும் சேர்ந்தது. கடலைத் தூர்த்து எடுத்த வயல்களுக்குப் 'புதிதாகத் திறந்தது' என்று பொருள்படும் 'ஷின்கை' என்ற பெயர் வழங்கியது. இன்று நகருக்குள் குன்றாக நிற்கும் ஹிஜியாமா முற்காலத்தில் கடல் நடுவே இருந்த தீவு. துறைமுகப் பக்கத்து உஜினா தீவும் அப்படியே கரையோடு சேர்ந்துவிட்டது. ஹகுஷிமா, யோஷிஜிமா என்று இன்றும் பேருந்துப் பலகையில் ஷிமாக்கள் வரிசையாக வரும். இறங்கிப் பார்த்தால் தெருவும் வீடும்தான் இருக்கும்.

கடல் ஏற்றவற்றம் நகருக்குள்ளேயே தெரியும். பெரிய ஓதத்தின்போது விரிகுடாவில் நீர்மட்டம் 4 மீட்டர்வரை ஏறி இறங்கும். அதனால் படகில் ஏற, சரக்கு இறக்க ஆற்றங்கரையெங்கும் கற்படிகள் கட்டினார்கள். 'கங்கி' என்று பெயர். காட்டு வாத்துக் கூட்டம் பறக்கும் சாய்வைப் போன்ற படி என்பதால் வந்த பெயர். தமிழில் புதுச்சொல் ஒன்றும் தேட வேண்டாம், அச்சு அசலான படித்துறை. இப்போதும் நகரில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இந்த ஊரின் குணத்துக்கு மண்தான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. நிலத்தடி மணலும் நீருமாக இருப்பதால் சுரங்க ரயில் போடுவது பெரும்பாடு; அதற்கான திட்டங்கள் கைவிடப்பட்டன. 1912-இல் ஓடத் தொடங்கிய டிராம் இன்றும் நகரின் உயிர்நாடி. மற்ற ஊர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய டிராம்களையும் வாங்கி ஓட்டியவர்கள் இவர்கள். ஆறு கொண்டுவரும் சத்து விரிகுடாவில் சேர்வதால் சிப்பி வளர்ப்பு கொழிக்கிறது. ஜப்பானில் வளர்க்கப்படும் உணவுச் சிப்பியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான். மண் எப்போதும் கருணை காட்டுவதில்லை. 2014 ஆகஸ்டு 20 அன்று விடிவதற்குள் கொட்டிய மழையில் நகரின் வடக்கு விளிம்பில் அதே மக்கிய மணல் மலைகள் சரிந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அப்புறம் 1945. ஆகஸ்டு 6 காலை 8:15. விமானத்திலிருந்து குறிவைத்த இடம் அயோய் பாலம். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில், நடுத்திட்டின் முனைக்கும் ஒரு கை நீட்டி, மூன்று பக்கம் தொடும் பாலம் அது. அப்படியொரு வடிவம் வானிலிருந்து தப்பாமல் தெரியும். அதாவது ஆறு பிரிந்து திட்டு தொடங்கும் புள்ளியே இலக்காயிற்று. குண்டு சற்று விலகி ஒரு மருத்துவமனைக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மருத்துவமனையை நடத்தியவரின் குடும்பப் பெயரே அதற்கும் பெயர்: ஷிமா. அதே பறவை, அதே மலை. இதில் பொருள் தேடக் கூடாது, தற்செயல்தான். ஆனால் படித்தவுடன் கடந்துபோக முடியவில்லை.

எரிந்த உடலோடு மக்கள் ஓடியது ஆற்றை நோக்கி. கங்கிப் படிகளில் இறங்கித் தண்ணீரிலேயே பலர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர். மூன்றாம் நாளே, ஆகஸ்டு 9 அன்று, டிராம் ஒரு பகுதியில் மீண்டும் ஓடியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 6 மாலையில் மோட்டோயாசு ஆற்றில் காகித விளக்குகளை மிதக்கவிடுகிறார்கள்.

ஜப்பானியர் ஊரைச் சொல்லும்போது சீன எழுத்தில் எழுதுவார்கள். குண்டையும் அமைதியையும் பேசும்போது பெரும்பாலும் 'கத்தகானா' என்ற ஒலியெழுத்தில் எழுதுவார்கள். அதில் பறவையும் இல்லை, மலையும் இல்லை, வெறும் ஒலி மட்டும்.

இனித் தமிழ். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஹிரோஷிமா என்று எழுதலாம். கிரந்தம் வேண்டாதவர்கள் இரோசிமா என்கிறார்கள், அதுவும் சரி. 'ஹிரோஷிமா தீவு' என்பதுதான் கூடாது. 'நடு சென்டர்' மாதிரி ஒரே பொருளை இருமுறை சொல்வது ஒரு பிழை, தீவல்லாததைத் தீவு என்பது இன்னொன்று. 'மியாஜிமா தீவு' என்பதில் முதல் பிழை மட்டும்தான், அது உண்மையிலேயே கடல் தீவு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொருளை விளக்கும்போது 'தீவு' போதுமா? தீவு என்பது வடமொழி 'த்வீப'த்திலிருந்து வந்தது. 'இரு பக்கமும் நீர்' என்பது அதன் நேர்ப்பொருள். அந்தக் கணக்கில் ஹிரோஷிமாவுக்குப் பொருந்தவே செய்யும். ஆனால் இன்று தீவு என்றதும் நாம் நினைப்பது கடலை. ஆற்றுக்கு நடுவே எழும் நிலத்துக்கு நம்மிடம் தனிச்சொற்கள் தாராளமாக உண்டு. ஆற்றிடைக்குறை. அரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால்தான் திருவரங்கம். கொள்ளிடம் கடலில் சேரும் பக்கம் போனால் திட்டு என்பார்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் சொல்.

இவற்றில் எனக்குப் பிடித்தது துருத்தி. கொல்லன் பட்டறைத் துருத்தி அல்ல. காவிரிக் கரைக் குத்தாலத்தின் பழைய பெயரான திருத்துருத்தியில் இருக்கும் துருத்தி. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை திருவரங்கத்தைச் சொல்லும்போது 'விரிதிரைக் காவிரி வியன்பெருந் துருத்தி' என்கிறது. வியன் என்றால் அகன்ற. காவிரியை எடுத்துவிட்டு ஓட்டா ஆற்றைப் போட்டால் ஹிரோஷிமாவின் பெயர் அப்படியே கிடைத்துவிடுகிறது: வியன்துருத்தி. பேச்சில் இது எடுபடாது என்று தெரியும். அடைப்புக்குறிக்குள் பொருள் தர வேண்டிய இடத்தில் 'அகன்ற ஆற்றுத்திட்டு' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும், தவறும் இல்லை.

அயோய் பாலம் தொடும் அந்த நடுத்திட்டில்தான் இன்று அமைதி நினைவுப் பூங்கா இருக்கிறது. குண்டு விழும்வரை கடைகளும் வீடுகளுமாக நெருக்கியடித்த பேட்டை அது. அதன் மிச்சங்கள் பூங்காவின் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. பேட்டையின் பெயர் நாகாஜிமா. 'நாகா' என்றால் இடை, 'ஜிமா' நமக்குத் தெரியும். தமிழில் அதற்கு ஆற்றிடைக்குறை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.