மிரர் ஓடுது சார், பேக்கப் எங்கே?

சேலத்தில் ஜவுளிக் கடை, ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, ஆஸ்பத்திரி என்று எங்கே போய் "பேக்கப் எப்படி எடுக்கிறீங்க?" என்று கேட்டாலும் இப்போதெல்லாம் வருகிற பதில், "ரெண்டு சர்வர் இருக்கு சார், ஒண்ணுல போட்டா இன்னொண்ணுல தானா ஏறிடும்." சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தானாக ஏறுவது உண்மைதான், இப்படி ஒரு சர்வரில் இருப்பதை அப்படியே இன்னொன்றில் நகலாக வைத்திருப்பதைத்தான் மிரர் என்கிறோம். லினக்ஸ் சர்வர் என்றால் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது ஆர்சிங்க் (rsync) என்ற புரோகிராம். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்டது, இன்னும் அசைக்க முடியவில்லை. ஃபைலின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் தொடாது, மாறியிருந்தால் மாறிய பகுதியை மட்டும் லைனில் அனுப்பும். லினக்ஸில் வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் க்ரானில் போட்டுவிட்டால் குறித்த நேரத்துக்கு ஓடும். அதுவரை பொறுக்க முடியாது என்பவர்கள் எல்சிங்க்டி (lsyncd) என்ற இன்னொரு புரோகிராமைப் போடுவார்கள். அது ஃபோல்டர்களைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஏதாவது மாறினால் சேர்த்துவைத்து, நாம் எதையும் மாற்றாத பட்சத்தில் 15 விநாடியில் ஆர்சிங்கை எழுப்பி அனுப்பிவிடும்.

சரி, அழித்தால்? அதையும் அனுப்பும். ஆர்சிங்கில் டெலீட் ஆப்ஷனை நாம் கொடுத்தால்தான் மறுபக்கம் அழிக்கும், எல்சிங்க்டி சொல்லாமலே அழிக்கும், வேண்டாம் என்றால் நாம்தான் நிறுத்திவைக்க வேண்டும். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு சேலை நிறுவனத்தில், வேலையை விட்டுப் போன பையன் இடம் அடைக்கிறது என்று பழைய டிசைன் ஃபோல்டர் ஒன்றைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் எழுந்து பைக்கை எடுப்பதற்குள் இரண்டாவது சர்வரிலும் காலி. கடைசியில் பென்டிரைவில் தறிக்காரர்களிடம் போயிருந்த டிசைன்களைத் தேடித் தேடி வாங்கினார்கள், கிடைத்தது பாதிதான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இதே கதைதான். பூட்டப்பட்ட ஃபைலும் மிரருக்கு "மாறிய ஃபைல்" தான், சுறுசுறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள். யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? சர்வர் பட்டென்று அணைந்து, சாயந்தரம் கரண்ட் வந்ததும் தானாக எழுகிறது, ஆனால் டேட்டா இருக்கும் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சிஸ்டத்தோடு இணையவில்லை. ஃபோல்டர் மட்டும் அதே பெயரில் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க்கைப் படிப்பதில் கோளாறு என்றால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் காலி ஃபோல்டர் அதன் கணக்கில் கோளாறே இல்லை, எல்லாவற்றையும் நீங்கள்தான் அழித்தீர்கள் என்று எடுத்துக்கொண்டு மறுபக்கமும் துடைத்துவிடும். எல்சிங்க்டியும் எழுந்தவுடன் ஒருமுறை முழுசாக ஒப்பிட்டுப் பார்க்கும் என்பதால் இதில் அதுவும் சேர்த்தி. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வேலை, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா, டேட்டா ஃபோல்டரில் நாம் போட்டுவைத்த அடையாள ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சிங்க் ஓடவே கூடாது. கூடவே மேக்ஸ் டெலீட் என்ற ஆப்ஷனில் ஒரு வரம்பு வையுங்கள், அதைத் தாண்டினால் அழிப்பதை நிறுத்திவிட்டு 25 என்ற எர்ரர் கோடோடு முடியும், அந்த எண் வந்தால் உங்கள் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி செய்துகொள்ளலாம். புதிதாக அமைக்கும்போது முதல் ஓட்டம் டிரை ரன்னாகத்தான், அதாவது எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும் ஒத்திகையாகத்தான் இருக்க வேண்டும். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் ஆர்சிங்கில் அர்த்தமே வேறு, டெலீட்டோடு சேர்ந்தால் அது வினையாக முடியும்.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் சிலர் இரண்டாவது சர்வரை மேலே வைக்கிறார்கள். நல்ல யோசனை, கீழே ஆபீஸில் தீப்பிடித்தாலும் மேலே ஒரு நகல் இருக்கும். ஆனால் முதல் நகலை லைனில் அனுப்பி மாரடிக்காதீர்கள், ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கொட்டிவிட்டு, அப்புறம் சிங்க் போடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் மேலே இருப்பது பழைய நகல், அது எத்தனை நாள் பழசு என்று யாராவது பார்த்தால்தான் தெரியும். லைன் நன்றாக இருந்தாலும் ஃபோல்டர்கள் பெருகி, எத்தனை ஃபோல்டரைக் கவனிக்கலாம் என்று லினக்ஸின் மையமான கர்னல் வைத்திருக்கும் வரம்பு தீர்ந்தால் எல்சிங்க்டி லாக் என்ற பதிவு ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த லாகை யார் திறக்கிறார்கள்? இன்னொன்று, மேலேயும் கீழேயும் ஒரே எக்செலைத் திருத்துகிற பழக்கம் இருந்தால் ஒருபக்க மிரர் சரிவராது, மேலே செய்ததை அது மிதித்துவிடும். இரண்டு பக்க மாற்றங்களையும் சேர்க்கும் சிங்க்திங் அல்லது யூனிசன் என்ற புரோகிராமைப் பாருங்கள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே மிரர் செய்வதும் வேண்டாம், டேட்டாபேஸிலிருந்தே டம்ப் என்ற முழு நகல் ஃபைலை எடுத்து அந்த டம்ப்பை அனுப்புங்கள்.

மிரரை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்றில் உடனே வேலை தொடர அது வேண்டும். நேற்று, போன வாரம், போன மாதம் எப்படி இருந்தது என்று காட்ட மூன்றாவதாக ஒரு மெஷின் தேவை. ஆர்சிங்கிலேயே லிங்க் டெஸ்ட் ஆப்ஷனில் தேதி வாரியாக ஃபோல்டர் போட்டுக்கொள்ளலாம், மாறாத ஃபைல்கள் ஹார்டு லிங்காகத்தான், அதாவது டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயராகத்தான் இருக்கும் என்பதால் இடம் பெரிதாகத் தின்னாது. முக்கியமாக, சர்வர் அங்கே போய் எழுதக் கூடாது, அந்த மெஷின்தான் வந்து இழுத்துக்கொள்ள வேண்டும், அதன் பாஸ்வேர்டோ, அதற்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி என்ற ஃபைலோ சர்வரில் இருக்கவே கூடாது. இதற்குப் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்று மாட்டினாலே போதும், கொட்டேஷனில் யாராவது இதற்கென்று மூன்றாவது சர்வர் எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.