புகழும் வினைக்குள் ஒரு பழைய வேர்

மகளின் அமெரிக்கப் பட்டச் சான்றிதழில் 'சும்மா கும் லௌதே' என்று போட்டிருக்கிறதே, என்ன அது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நம்ம சும்மா இல்லை. 'மிக உயர்ந்த புகழோடு' என்று பொருள். லத்தீனில் லௌஸ் என்றால் புகழ். அதிலிருந்து பிறந்த வினை லௌதோ, 'புகழ்கிறேன்'.

ரோமானியர்கள் இதைப் பாராட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இறந்தவரைப் பற்றி மன்றத்தில் ஆற்றும் உரைக்கும் இந்த வினைதான், கி.மு. 69இல் ஜூலியஸ் சீசர் தன் அத்தைக்கு அப்படிப் பேசினார். ஒருவரைச் சாட்சியாகப் பெயர் சொல்லிக் காட்டுவதும் இதே வினையில் அடக்கம். கி.மு. 43இல், பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆன இளைஞர் ஒக்டேவியனைப் பற்றி, ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோ சொன்னதாக ஒரு பேச்சு உலவியது: "பையனைப் புகழணும், கௌரவிக்கணும், தூக்கணும்." அந்த மூன்றாவது வினைக்கு உயர்த்துவது, ஒழித்துக்கட்டுவது என இரண்டு பொருளும் உண்டு. நம் 'தூக்கு' மாதிரியே! பேச்சு ஒக்டேவியன் காதுக்கும் போனது. அதே ஆண்டு டிசம்பரில் சிசரோ கொல்லப்பட்டார். அவர் பெயர் இருந்த கொலைப் பட்டியலுக்கு இசைந்த ஆட்சியாளர்களில் ஒக்டேவியனும் ஒருவர்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். லௌதாபந்துர்: 'புகழப்பட்டுக்கொண்டிருந்தார்கள்'. பிரித்துப் பாருங்கள். 'லௌதா' என்றால் புகழ்; 'பா' என்றால் அப்போது நடந்துகொண்டிருந்தது; 'ந்த்' என்றால் அவர்கள்; 'உர்' என்பது நம் 'படு'. இந்தப் 'பா'வை 'அன்பு' என்பதில் வரும் ஒலியோடு சொல்ல வேண்டும்.

அந்தப் 'பா' எங்கிருந்து வந்தது? லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'இரு, ஆகு' என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து என்பதே மொழியியலாளர் பெரும்பாலோரின் முடிவு. சமஸ்கிருதத்தில் அது 'பவதி'. நாம் தினமும் சொல்லும் அனுபவம், சம்பவம் இரண்டிலும் உட்கார்ந்திருப்பது அதே வேர்தான்.

லௌதோவும் லட்டும் ஒன்று என்கிற ரக வாட்ஸ்அப் ஆராய்ச்சி இல்லையே இது என்று கேட்கலாம். அந்த ரகத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இங்கே ஒலி சும்மா ஒத்துப்போகவில்லை, ஒழுங்காக மாறியிருக்கிறது. சமஸ்கிருதத்தில் மூச்சு கலந்து வரும் அந்தப் 'ப', லத்தீனில் சொல்லின் முதலில் 'ஃப' ஆகும், நடுவில் மெல்லிய 'ப' ஆகும். சகோதரனைக் குறிக்கும் 'ப்ராதா' அங்கே 'ஃப்ராதேர்'. மேகத்தையும் வானத்தையும் குறிக்கும் 'நபஸ்' இருக்கிறதே, அதற்கு உறவுச் சொல் 'நெபுலா', மூடுபனி. நம் வேரும் அப்படியே: தனியாக வந்தால் 'ஃபுயி', இருந்தேன், வினைக்கு நடுவே ஒட்டினால் 'பா'.

எதிர்காலத்துக்கும் இதே வேர்தான் வேலை செய்கிறது. 'லௌதாபத்' என்றால் புகழ்ந்துகொண்டிருந்தான்; 'லௌதாபித்' என்றால் புகழ்வான். ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், லத்தீன் படிக்கிறவர்கள் சறுக்குவதும் அங்கேதான்.